ஜன்னலுக்கு ஒரு சாக்ஸ்

இனிமேல் தான் எடுக்கும் எந்தப் படத்திலும் தன் முகம் விழக்கூடாது என்று தராசுக்காரர் சபதம் எடுத்தபோது, தரையிலிருந்து முப்பதாயிரம் அடி உயரத்தில் இருந்தார். அந்த உயரத்தில் சபதம் எடுப்பதில் ஒரு வசதி உண்டு. தட்டிக் கேட்க ஆள் கிடையாது. அவரைத் தட்டிக் கேட்கக்கூடிய ஒரே ஆள் அந்த நேரத்தில் வெகு தூரத்தில், ஓர் ஆஸ்பத்திரியின் எக்ஸ்ரே அறையில், யாருடைய முழங்காலையோ படம் பிடித்துக்கொண்டிருந்தாள்.

சபதத்துக்குக் காரணம் பக்கத்து சீட்டில் இருந்த பல் டாக்டர் அம்மாள். ஜன்னலுக்கு வெளியே ஒரு பனிமலை பளிச்சென்று வந்து நின்றது. தராசுக்காரர் சட்டென்று செல்போனை நீட்டி ஒரு படம் எடுத்தார். எடுத்த படத்தைத் தானே ரசித்தால் போதுமா? இன்னொரு ஆளும் ரசிக்க வேண்டாமா? பல் டாக்டரிடம் காட்டினார். அந்த அம்மாள் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, கடைவாய்ப் பல்லைப் பார்க்கிற நிதானத்தோடு படத்தைப் பார்த்தார்.

“மலை நல்லா வந்திருக்கு,” என்றார். கொஞ்சம் பொறுத்து, “கேக்கும் நல்லா வந்திருக்கு,” என்றார்.

தராசுக்காரர் போனைப் பிடுங்காத குறையாக வாங்கி, பெரிதாக்கிப் பார்த்தார். பனிமலையின் மேல் ஆவி மாதிரி ஒரு மனிதர் உட்கார்ந்திருந்தார். மலைக்கு இடுப்பு இருக்க வேண்டிய இடத்தில் அவருடைய தொந்தி. ஒரு கையில் போன். மறு கையில் பாதி கடித்த சாக்லெட் கேக். மீசையில் கிரீம். ஜன்னல் வெளியே இருந்ததைக் காட்டியதோடு நிற்காமல், உள்ளே இருந்தவரையும் சேர்த்துக் காட்டிக்கொடுத்திருந்தது.

இதே ஜன்னல் சமாசாரத்தில் இருபத்து மூன்று படங்களை அவர் ஏற்கெனவே மனைவிக்கு அனுப்பியிருந்தார்.

அவருடைய வேலை அப்படி. தொழிற்சாலைகளிலும் கிடங்குகளிலும் இருக்கிற எடை இயந்திரங்கள் சரியாக நிறுக்கின்றனவா என்று சோதித்துச் சான்று கொடுக்க வேண்டும். பித்தளை எடைக்கற்களை வெல்வெட் பதித்த பெட்டியில் வைத்து எடுத்துப்போவார். வெறும் விரலால் தொடமாட்டார். விரலின் எண்ணெய்ப் பசை ஒட்டினால் எடை கூடிவிடும் என்று வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டுதான் எடுப்பார். இப்படி ஊர் ஊராகப் போய்த் தராசுகளை எடைபோட்ட மனிதரை, கம்பெனி ஒருநாள் எடைபோட்டுப் பார்த்தது. கனமான ஆள்தான் என்று தீர்மானித்து, வெகு தூரத்துக் கிளைக்கு மாற்றிவிட்டது. உயர்வு என்று சொன்னார்கள். அவருக்கு வாடகை அறை மூன்றாவது மாடியில் கிடைத்தது. அந்த வகையில் உயர்வுதான்.

மனைவியால் கூட வர முடியவில்லை. இருபத்திரண்டு வருஷ ஆஸ்பத்திரி வேலை. ஓய்வு பெற இன்னும் மூன்று வருஷம் பாக்கி. பிள்ளைகள் இல்லை. ஆக, இரண்டு பேர் இருந்த ஒரு வீடு, ஒவ்வொருவர் இருக்கிற இரண்டு வீடாக ஆனது. வருஷத்துக்கு ஒரு தடவை பத்து நாள் விடுமுறையில் அவர் போவார். மற்றபடி தினமும் சாயங்காலம் ஏழு மணிக்குப் போன்.

போனில் அவருக்குப் பேச வராது. சாப்பிட்டாயிற்றா என்றால் ஆச்சு. உடம்பு எப்படி என்றால் நல்லாருக்கு. அங்கே மழையா என்றால் இல்லை. மூன்று கேள்வி, மூன்று பதில், முடிந்தது. வீடியோவில் கூப்பிட்டால் ஐந்து நிமிஷம் அவகாசம் கேட்டு, தலை வாரி, அழுக்கில்லாத சுவராகப் பார்த்து உட்கார்ந்து, பாஸ்போர்ட்டுக்குப் படம் எடுக்கிறவர் மாதிரி விறைத்துக்கொள்வார். இரண்டு தடவை பார்த்துவிட்டு அவள் வீடியோவே வேண்டாம் என்றுவிட்டாள். அதற்குப் பதிலாக, ஒவ்வொரு தடவை விமானம் ஏறும்போதும் ஜன்னல் வழியாக ஒரு படம் எடுத்து அனுப்பச் சொன்னாள். மேகம் பார்க்க ஆசையாக இருக்கிறதாம்.

தராசுக்காரர் இதைத் தன் கலைத்திறமைக்குக் கிடைத்த மரியாதை என்று எடுத்துக்கொண்டார். மாதத்துக்கு இரண்டு பயணம், இரண்டு படம், தவறியதில்லை.

கேக்கும் அந்தப் பயணங்களில்தான் ஆரம்பித்தது. சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது, இனிப்பைத் தொடாதீர்கள் என்று டாக்டர் சொல்லி மூன்று வருஷம் ஆகிறது. வீட்டில் இருந்தவரை அவர் தொட்டதில்லை. தொடுவதற்கு வழியில்லை, அவள் சர்க்கரை டப்பாவைப் பக்கத்து வீட்டில் குடி வைத்திருந்தாள். ஆனால் கோடு என்பதைத் தரையில்தானே போடுகிறார்கள்? ஆகாயத்தில் ஏது கோடு? விமான நிலையக் கடையில் ஒரு கேக் வாங்கிப் பைக்குள் வைத்துக்கொள்வார். சக்கரம் தரையை விட்டதும் பிரிப்பார்.

நடுநடுவே அவருக்குப் புரியாத சில சங்கதிகள் நடந்தன. ஒரு தடவை ஆறு வளைந்து போவதைப் படம் எடுத்து அனுப்பினார். அன்று சாயங்காலம் மனைவி ஆற்றைப் பற்றிப் பேசவில்லை. சட்டையில் இரண்டாவது பட்டன் எங்கே போயிற்று என்று கேட்டாள். குனிந்து பார்த்தார். இல்லை. இன்னொரு தடவை சூரியன் மறைவதை அனுப்பினார். மூக்குக்கண்ணாடியின் காலை எதற்கு நூலால் கட்டியிருக்கிறீர்கள் என்று வந்தது கேள்வி. மூன்றாவது தடவை, பஞ்சுப்பொதி மாதிரி மேகம். அவள் எடுத்த எடுப்பில், நாலு நாளாகச் சவரம் செய்யவில்லையே, காய்ச்சலா என்றாள். காய்ச்சல்தான். யாரிடமும் சொல்லாமல் மூன்று நாள் போர்த்திப் படுத்துக் கிடந்துவிட்டு, நாலாம் நாள் விமானம் ஏறியிருந்தார். அன்றைக்கு அவள் நாற்பது நிமிஷம் பேசினாள். எந்த மாத்திரை, எத்தனை வேளை, எத்தனை டம்ளர் வெந்நீர் என்று ஒன்று விடாமல் சொல்லி, திருப்பிச் சொல்ல வைத்து, பிறகு திட்டினாள்.

தான் வேவு பார்க்கப்படுவதாக அவர் முடிவு கட்டினார். சந்தேகம் கீழ்த்தளத்துச் சலவைக் கடைக்காரர் மேல் விழுந்தது. சட்டையையும் பட்டனையும் நன்றாக அறிந்தவர் அவர் ஒருவர்தான். அன்றிலிருந்து அவரிடம் முகம் கொடுத்துப் பேசுவதை நிறுத்தினார். சட்டைகளைத் தானே துவைத்து, தானே கசக்கி, கசங்கலாகவே போட்டுக்கொண்டார்.

இப்போது, பல் டாக்டர் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, எல்லாம் விளங்கியது. வேவுக்காரன் என்று யாரும் இல்லை. மாதம் இரண்டு தடவை, தன் விரலால் தானே அழுத்தி, தன்னைத்தானே அனுப்பியிருக்கிறார். அதுவும் யாருக்கு? சாம்பல் நிற நிழலைப் பார்த்து எலும்பில் மயிரிழை விரிசலைக் கண்டுபிடிக்கிறவளுக்கு.

ஒரே ஆறுதல், கேக்கைப் பற்றி அவள் இதுவரை கேட்கவில்லை. கேட்கவில்லை என்றால் பார்க்கவில்லை. பார்ப்பதற்குள் கதவைச் சாத்திவிட வேண்டும். பனிமலையை அழித்துவிட்டு, ஒரு மேகத்தை எடுத்து, மீசையைத் துடைத்துக்கொண்டார்.

மறுநாள் ஒரு போட்டோ ஸ்டூடியோவுக்குப் போய், ஜன்னலில் முகம் விழாமல் படம் எடுப்பது எப்படி என்று விசாரித்தார். ஸ்டூடியோக்காரருக்கு இப்படிப்பட்ட கேள்விதான் வேண்டியிருந்தது போலும். ஸ்டூல் போட்டு உட்கார வைத்துவிட்டார். உள்ளே வெளிச்சம் இருக்கிறவரைக்கும் ஜன்னல் பாதி முகம் பார்க்கிற கண்ணாடிதான் என்றார். தலைக்கு மேலே உள்ள விளக்கை அணைத்துவிடுங்கள். எதிரே சினிமா காட்டுகிற திரையை அணைத்துவிடுங்கள். வெளிர் நிறச் சட்டை போடாதீர்கள். சட்டைதான் முதலில் விழும். வெயில் விழாத பக்கமாக, இறக்கைக்கு முன்னால் சீட் வாங்குங்கள். லென்ஸைச் சாய்க்காமல் ஜன்னலுக்கு நேராக, ஒட்டினாற்போல் பிடியுங்கள். ரொம்ப அழுத்தினால் விமானத்தின் அதிர்வில் படம் கலங்கிவிடும். சாதாரணக் கண்ணாடிக்குப் போடுகிற ஃபில்டரை மட்டும் போட்டுவிடாதீர்கள். விமான ஜன்னல் பிளாஸ்டிக், கலர் கலராகக் கோடு விழும்.

தராசுக்காரர் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு, ஃபில்டரையும் வாங்கிக்கொண்டு வந்தார்.

முதல் பயணத்துக்குக் கறுப்புச் சட்டை. படம் ஓரளவு தேறியது. ஆனால் முகம் தெரிந்தது. சட்டை இல்லாமல் தலை மட்டும் மேகத்தில் மிதந்தது. இறங்கிய இடத்தில் தொழிற்சாலை மேலாளர் அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, யாருங்க போனது என்று தழுதழுத்தார். தூரத்துச் சொந்தம் என்று சொல்லிவைத்தார். அன்று முழுக்க அவருக்கு எல்லோரும் தேநீர் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

இரண்டாவது பயணத்தில் ஒரு கறுப்புப் போர்வையைத் தலையோடு ஜன்னலையும் சேர்த்து மூடிக்கொண்டு உள்ளே போனார். படம் எடுப்பதற்குள் விமானப் பணிப்பெண் போர்வையை மெல்ல விலக்கி, வாந்தி வருகிறதா ஐயா என்று கேட்டு, ஒரு பையைக் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். மூன்றாவது பயணத்தில் ஃபில்டர். வானம் முழுக்க வானவில் வந்தது. முப்பதாயிரம் அடிக்கு மேலே மழை எங்கே பெய்தது என்று மனைவி கேட்டாள்.

நாலாவது பயணத்தில்தான் சாக்ஸ் பிறந்தது. வேறு வழி தோன்றாமல், காலில் இருந்த கறுப்பு சாக்ஸில் ஒன்றைக் கழற்றி, வளையமாகச் சுருட்டி, போனின் லென்ஸைச் சுற்றி வைத்து, ஜன்னலோடு ஒட்டிப் பிடித்தார். வெளிச்சம் புக ஓர் ஊசித் துவாரம்கூட இல்லை. சாக்ஸ் மெத்தென்று இருந்ததால் அதிர்வும் இல்லை. அழுத்தினார். வந்தது படம். மலை என்றால் மலை மட்டும். துடைத்துவிட்ட மாதிரி சுத்தம். ஒரு கால் செருப்பு போடாத மாதிரி சில்லென்று இருந்தது. அதையெல்லாம் அவர் பொருட்படுத்தவில்லை. ஜோடியைப் பிரிக்கிறோமே என்றும் தோன்றவில்லை.

இறங்கியதும் அனுப்பினார். பெருமையும் பயமுமாக ஏழு மணிக்காகக் காத்திருந்தார்.

நல்லா இருக்கு என்றாள் அவள். வேறொன்றும் கேட்கவில்லை. பட்டன் இல்லை, கண்ணாடி இல்லை, சவரம் இல்லை. கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் முதல் தடவையாக அவளை ஜெயித்துவிட்டார். அடுத்த பயணத்திலிருந்து இரண்டு கேக்காக வாங்கினார். ஒன்று பசிக்கு, ஒன்று வெற்றிக்கு.

இப்படி நாலு மாதம். எட்டுப் படங்கள், ஒவ்வொன்றும் நாள்காட்டியில் போடலாம். ஒவ்வொன்றுக்கும் ஒரே பதில். நல்லா இருக்கு.

மூன்றாவது மாதத்தில்தான் கவனித்தார், ஏழு மணிக்கு ஆரம்பித்த பேச்சு ஏழு மணி மூன்று நிமிஷத்துக்கு முடிந்துவிடுகிறது. சாப்பிட்டாச்சா. ஆச்சு. உடம்பு. நல்லாருக்கு. மழையா. இல்லை. சரி, வச்சிடட்டுமா. சரி. அதற்குப் பிறகு தூங்கப்போகிறவரை நேரம் அப்படியே முழுசாக, யாரும் பிரிக்காத பொட்டலம் மாதிரி கிடந்தது. அவர் ஒரு தட்டைக் கழுவி, ஒரு டம்ளரைக் கழுவி, கவிழ்த்து வைப்பார். கீழே சலவைக் கடையில் இஸ்திரிப் பெட்டி தடால் தடாலென்று வைக்கப்படுகிற சத்தம் கேட்கும். அதைக் கேட்டுக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருப்பார். சலவைக் கடைக்காரரிடம் பேச்சை விட்டது தப்பு என்று தோன்றி, ஒருநாள் சட்டைகளை எடுத்துக்கொண்டு போனார். அந்த மனிதர் நாளைக்கு வாங்க என்பதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. நன்றாக வேவு பார்த்தார் அவர்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், போனில் இருந்த படங்களையெல்லாம் முதலிலிருந்து பார்த்தார். சாக்ஸ் படங்களில் மலை இருந்தது, கடல் இருந்தது, மேகம் இருந்தது. மனுஷன் இல்லை. யார் போனார், யார் பார்த்தார் என்று சொல்ல அதில் ஒன்றுமே இல்லை. பழைய படங்களில் எல்லாவற்றிலும் ஒரு மங்கலான ஆள் உட்கார்ந்திருந்தார். நாலு நாள் தாடியோடு இருந்த ஆளை அவர் ரொம்ப நேரம் பார்த்தார். அன்றைக்கு அவள் வெந்நீர் பற்றிப் பத்து நிமிஷம் பேசியது ஞாபகம் வந்தது. வெந்நீரைப் பற்றிப் பத்து நிமிஷம் பேச உலகத்தில் வேறு யார் இருக்கிறார்கள்?

அவர் இரண்டாவது சபதம் எடுத்தார். இது தரையில் எடுத்தது.

அடுத்த பயணத்துக்கு வெள்ளைச் சட்டை. வெயில் விழுகிற பக்கத்தில், இறக்கைக்குப் பின்னால் சீட். தலைக்கு மேலே விளக்கை எரியவிட்டார். எதிரே திரையில் ஏதோ ஒரு சினிமாவை ஓடவிட்டார். கேக்கை நெஞ்சு உயரத்துக்குத் தூக்கிப் பிடித்தார். மீசையில் வேண்டிய அளவு கிரீமைத் தடவிக்கொண்டார். பக்கத்து சீட்டுக்காரர் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார். படம் அமோகம். வெளியே என்ன இருந்தது என்றே தெரியவில்லை. தராசுக்காரரும் கேக்கும்தான் ஆகாயம் முழுக்க.

ஏழு மணிக்கு அவள் சொன்னாள், நல்லா இருக்கு.

ஒருவேளை கேக் சின்னதோ? அதற்கடுத்த பயணத்தில், டிரேயின் மேல் போனைச் சாய்த்து, டைமர் வைத்து, இரண்டு கையிலும் இரண்டு கேக்கோடு, ஜன்னலைப் பார்த்துச் சிரித்தார். இறங்கியதும் அனுப்பினார். அன்று அறைக்கு வந்து விளக்கைக்கூடப் போடாமல் கட்டிலில் உட்கார்ந்தார். போன் அடித்தது.

“படம் வந்துச்சு. நல்லா இருக்கு. மேகம் நிறைய,” என்றாள்.

“நல்லா பாத்தியா?”

“பாத்தேனே. மேகம்.”

“மேகத்துக்கு முன்னாடி?”

“முன்னாடி என்ன?”

தராசுக்காரர் போனை மறு காதுக்கு மாற்றினார். “ரெண்டு கையிலயும் கேக்கை வச்சுக்கிட்டு ஒருத்தன் உக்காந்திருக்கான். அது உன் கண்ணுல படலையா? போன தடவையும் படலையா?”



“எந்த கேக்?” என்றாள்.

அவ்வளவுதான். அணை திறந்துகொண்டது. அவர் முதல் பயணத்திலிருந்து ஆரம்பித்தார். எந்த விமான நிலையம், எந்தக் கடை, எந்தப் பக்கத்திலிருந்து கடிப்பார் என்பதுவரை சொன்னார். கறுப்புச் சட்டையைச் சொன்னார். தூரத்துச் சொந்தத்தைச் சொன்னார். போர்வை, ஃபில்டர், சாக்ஸ் எல்லாம் சொன்னார். மொத்தம் நாற்பத்தைந்து கேக் என்று கணக்குச் சொல்லிவிட்டு, கிராம் பிசகாத தொழிலாளியாயிற்றே, விமானம் தாமதமான ஒருநாள் தரையிலேயே ஒன்று சாப்பிட்டது ஞாபகம் வந்து, நாற்பத்தாறு என்று திருத்தினார். அதோடு நிறுத்தியிருக்கலாம். வாய் நிற்கவில்லை.

“ஒளிச்சு வச்சுக்கிட்டுத்தான் இருந்தேன். அப்புறம் நீ ஒண்ணுமே கேக்கலை. மூணு நிமிஷத்துல வச்சிடறே. இங்க திட்டறதுக்குக்கூட ஆள் இல்லை. படத்தைப் பாத்தா நீ திட்டுவேன்னுதான் அனுப்பினேன்.”



“மேகத்தை வச்சுக்கிட்டு நான் என்னங்க பண்ணப்போறேன்?” என்றாள். “உடம்பு எப்படின்னா நல்லாருக்குன்னு சொல்லுவீங்க. காய்ச்சல்ல கிடந்தப்பவும் அதையேதான் சொன்னீங்க. உங்க வாய்ல இருந்து ஒண்ணும் வராது, ஜன்னல்லதான் வரும்னு கண்டுபிடிச்சு வச்சிருந்தேன். அதையும் அடைச்சிட்டீங்க. நாலு மாசமா டியூட்டி முடிஞ்சு வந்து, படத்தைப் பெருசாக்கிப் பெருசாக்கிப் பாத்தேன். ஒரு மூலையில விரல்கூடத் தெரியலை.”

அவர் கட்டிலில் மெல்லச் சாய்ந்துகொண்டார்.

பிறகு அவள் திட்ட ஆரம்பித்தாள். ஐம்பத்தைந்து நிமிஷம். சர்க்கரையைச் சொல்லித் திட்டினாள், கிரீமைச் சொல்லித் திட்டினாள், வயசைச் சொல்லித் திட்டினாள். ஊர்த் தராசையெல்லாம் எடைபோட்டுத் தன் எடையைக் கோட்டை விட்டவர் என்றாள். திங்கட்கிழமை வெறும் வயிற்றில் ரத்தப் பரிசோதனை. நாளைக்கே கிடங்குத் தராசில் ஏறி நின்று எடையைப் படம் எடுத்து அனுப்ப வேண்டும். படத்தில் இரண்டு காலும் முழுசாகத் தெரிய வேண்டும். அவர் ஒவ்வொன்றுக்கும் உம் கொட்டிக்கொண்டு, கண்ணை மூடி, சுகமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு விஷயம் மட்டும் உறுத்தியது. அவ்வளவு பெரிய கேக்கைப் பார்க்காமல் விட்டவளிடம், தானாகப் போய் வாயைக் கொடுத்துவிட்டோமே.

போனை வைக்கப்போகும்போது, “ஒண்ணு கேக்கறேன்,” என்றார் மெதுவாக. “நிஜமாவே நீ கேக்கைப் பாக்கலையா?”

“அது மொத படத்துலயே தெரிஞ்சுபோச்சுங்க,” என்றாள் மனைவி. “எத்தனைன்னுதான் தெரியாம இருந்துச்சு.”